சிரிக்காமல் இருப்பவரையும் எண்ணிப் பேசுதல்

பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி கேட்டு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், தலைப்பைச் சொல்லி முடித்த கையோடு, "டீச்சர், ஆரம்பத்துல சொல்லுததுக்கு ஒரு ஜோக் சொல்லித் தாங்க" என்று கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக வேலை பார்த்த காலத்திலும், ஓய்வு பெற்று வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இப்போதும் இந்த வேண்டுகோள் மாறவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எந்த வரிக்குக் கைதட்டல் விழுகிறது, கேமரா யாருடைய சிரிப்பைத் தேடிப் போகிறது என்பதையெல்லாம் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஆகவே சிரிக்க வைக்கத் தெரிந்தால் பேசத் தெரிந்துவிட்டதாக நம்புவதில் வியப்பில்லை. நகைச்சுவை வேண்டாம் என்று நான் அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைப்பது வேறு, அதே கூட்டத்தை ஒரு கருத்துக்கு இணங்க வைப்பது வேறு என்பதையும், முதலாவதில் கிடைக்கும் வெற்றியே சில நேரங்களில் இரண்டாவதைக் கெடுத்துவிடுகிறது என்பதையும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே தெளிவான சிலவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

சிரிப்பு, கேட்பவரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்பது மேடையேறிய எல்லாருக்கும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு, "இவுக என்னத்தைச் சொல்லிறப் போறாக" என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பவர், ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்காவது காது கொடுப்பார். அந்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் பேச்சாளர் என்ன வைத்திருக்கிறார் என்பதே கேள்வி. 1977இல் கப்லன், பாஸ்கோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே பாடத்தை நான்கு விதமான விரிவுரைகளாக்கிப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒன்றில் நகைச்சுவையே இல்லை. ஒன்றில் பாடக் கருத்துகளை விளக்கும் நகைச்சுவையான எடுத்துக்காட்டுகள் இருந்தன. ஒன்றில் பாடத்தோடு ஒட்டாத நகைச்சுவை இருந்தது. மற்றொன்றில் இரண்டும் கலந்திருந்தன. விரிவுரை முடிந்தவுடன் வைத்த தேர்வில் நகைச்சுவையால் எந்த மேன்மையும் தென்படவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடியும் தேர்வு வைத்தபோது, நகைச்சுவையான எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்கப்பட்ட கருத்துகள் மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நின்றிருந்தன. வகுப்பறையில் நெடுங்காலம் நின்ற எனக்கு இந்த முடிவு முழுமையாக நம்பத் தகுந்ததாகப் படுகிறது. பாடத்துக்கு வெளியே சொன்ன வேடிக்கை பாடத்துக்கு வெளியேதான் தங்குகிறது. அந்த வேடிக்கையைச் சொன்ன ஆசிரியரைப் பிள்ளைகள் ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள், பாடத்தை வைத்திருக்க மாட்டார்கள்.

இதை நான் மிகத் தெளிவாகக் கண்டது முக்கூடலுக்கு அருகில் உள்ள ஓர் ஊரில் நடந்த மருத்துவ முகாமில். அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ரத்தசோகையைப் பற்றிப் பேசி, வந்திருப்பவர்களைப் பரிசோதனைக்கு இணங்க வைப்பதே அன்றைய நோக்கம். பெண்கள் மடியில் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றித் தட்டில் போடும் கைகள், பேச்சைக் கேட்கும்போதும் நிற்கவில்லை. முதலில் பேசிய விருந்தினர், வாட்ஸ்அப்பில் வந்த கணவன் மனைவி துணுக்கு ஒன்றைச் சொன்னார். பெண்கள் நன்றாகவே சிரித்தார்கள்; சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். அவர் கீரைக்கும் இரும்புச்சத்துக்கும் வந்தபோது சிரிப்போடு கவனமும் போய்விட்டிருந்தது. அடுத்து எழுந்தவர் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். அவருடைய அம்மாவும் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் மைக்கைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"ஆயிரம் பீடியில நாப்பதைக் கழிச்சுப் போட்டாம்னா செக்கர்கிட்டச் சண்டைக்குப் போறிய. ஒடம்புல ரத்தம் பாதி கழிஞ்சு கெடக்கு, அதுக்கு ஒருத்தரும் சண்டைக்கு வரலியேக்கா?" என்று கேட்டார்.

கூடம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் முதல்முறையாகக் கைகள் நின்றன. சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார், பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "பொம்பளையளுக்கு ரத்தத்துல 12 கிராம் இருக்கணும். 8 இருந்தா கழிவு எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, என்னைவிட உங்களுக்குத்தான் கழிவுக் கணக்கு நல்லாத் தெரியும்" என்றார். பரிசோதனை மேசைக்கு முன்னால் வரிசை சேர்ந்தது.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதில் சிரிப்புக்குக் காரணமானது அந்தப் பெண்களின் அறியாமை அல்ல. தங்களுக்கு உரியதை விட்டுக்கொடுக்காமல் கேட்கத் தெரிந்த அவர்களுடைய திறமை. கம்பெனியில் செக்கர் தரமில்லை என்று பீடியைக் கழித்துப் போடும்போது வயிறு எரிவது அவர்களுக்கு அன்றாட அனுபவம். அந்தக் கோபத்தையே எடுத்து, அது இன்னும் போய்ச் சேராத ஓர் இடத்தைச் செவிலியர் காட்டினார். சிரித்த கணத்திலேயே அவர்கள் வாதத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ஏனென்றால் அங்கே சிரிப்பும் வாதமும் ஒன்றாகவே இருந்தன. விருந்தினரின் துணுக்கை எடுத்துவிட்டாலும் அவருடைய பேச்சில் ஒன்றும் குறைந்திருக்காது. செவிலியரின் வாக்கியத்தை எடுத்துவிட்டால் பேச்சே இல்லை. பிள்ளைகளின் வரைவுகளைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

முகத்தை மாற்றிக்கொண்டு எண்ணைச் சொன்னார் என்றேனே, அதுவும் தற்செயல் அல்ல. சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய செய்திகளில் நகைச்சுவை என்ன செய்கிறது என்று ராபின் நபியும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு விளைவுகளை ஒருசேரக் காட்டியது. நகைச்சுவையோடு சொல்லப்பட்ட கருத்தைக் கேட்பவர்கள் மனத்துக்குள் அதை மறுத்து வாதாடுவது குறைகிறது. அதே சமயம், இது வேடிக்கைக்காகச் சொன்னது என்று அதை ஒதுக்கிவைப்பது கூடுகிறது. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொள்ளும் இந்த இயல்பை அறியாதவர்கள்தான், "நல்லாச் சிரிச்சாங்க, ஆனா ஒருத்தரும் கேக்கலையே" என்று வருந்துகிறார்கள். சிரிப்புக்கு அடுத்த வாக்கியம் வேடிக்கையாக இருக்கக் கூடாது. அது தெளிவாக, மெதுவாக, பேச்சாளர் மெய்யாகவே அக்கறை கொண்டிருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்படி வர வேண்டும்.

சிரிப்பே வேண்டியிராத இடங்களும் உண்டு. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துக் குளித்து எழுபவர்களில் பலர், உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். தாமிரபரணியிலிருந்து தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் அந்தத் துணிகளைக் குவியல் குவியலாக அள்ளி எடுக்கிறார்கள். இது நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இந்த ஆற்றைக் குடித்து வளர்ந்தவள் நான். ஒருமுறை அங்கே ஒரு தன்னார்வல இளைஞர் கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, "ஆத்துக்கு எத்தனை சேலைதான் உடுத்திவிடுவீங்க? கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை எடுக்க மாட்டாங்களே" என்று சொன்னார். படித்துறையின் மேல்படிகளில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தண்ணீருக்குள், ஈரச் சேலையை இரண்டு கைகளிலும் சுருட்டிப் பிடித்தபடி நின்ற ஓர் அம்மா சிரிக்கவில்லை. ஒலிபெருக்கி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பார்த்துக்கொண்டே சேலையை ஆற்றில் விட்டார். விடலாமா வேண்டாமா என்று அதுவரை அவருக்கு ஒரு தயக்கம் இருந்ததை அவர் கை காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தயக்கத்தை முடித்துவைத்தது அந்த வேடிக்கைதான்.

பிறகு அதே குழுவிலிருந்த ஒரு பெரியவர் தண்ணீருக்குள் இறங்கிப் போனார். அடுத்து நின்றவரிடம், "யாருக்குத் தாயி குடுத்திய?" என்று கேட்டார். "எங்க அண்ணனுக்கு" என்று பதில் வந்தது. "என்ன வயசு?" என்றார். அந்தப் பெண் சொன்னதை எல்லாம் நின்று கேட்டுவிட்டு, கையிலிருந்த கூடையைக் காட்டி, "இதுல போட்டாலும் விட்டதுதான் தாயி, ஆத்துல கெடந்து அழுக வேண்டாம்" என்றார். துணி கூடைக்குள் விழுந்தது. அவர் சொன்னதில் நகைச்சுவை ஒரு துளியும் இல்லை. கேட்பவர் எதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் என்று முதலில் விசாரித்தார். அதற்குப் பிறகே தான் வேண்டியதைக் கேட்டார்.

மிகப் பெரிய துயரத்தையும் மிகப் பெரிய கொடுமையையும் பேச்சாளன் நகைப்புக்கு உரியவையாக்கக் கூடாது என்னும் வரம்பை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் சிசரோ சொற்பொழிவுக் கலையைப் பற்றி எழுதியபோது பதிவு செய்திருக்கிறார். துயரத்தில் இருப்பவர்கள் பரிவை வேண்டுகிறார்கள். கொடுமைக்குத் தண்டனை வேண்டும், சிரிப்பு போதாது. இந்த இரண்டாவது பகுதியை நம் மேடைகள் அதிகமாக மறந்துவிடுகின்றன என்பது என் எண்ணம். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் கணவனைப் பற்றிய துணுக்குகள் இன்றைக்கும் குடி எதிர்ப்புக் கூட்டங்களிலேயே சொல்லப்படுகின்றன. அடி வாங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலாவதாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறது. மேடைப் பேச்சாளர்கள் மிகுதியாகக் கைவைப்பது எள்ளலில்தான், ஏனென்றால் அது உடனே பலன் தருகிறது. ஒருவரை எள்ளும்போது மற்ற எல்லாரும், தாம் எள்ளப்படவில்லை என்ற நிம்மதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். எள்ளப்பட்டவரும் பல நேரங்களில் உடன் சிரிக்கிறார். சிரிக்காவிட்டால் "வெளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதான்" என்று இரண்டாவது தடவையும் எள்ளப்படுவார். "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி" என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் வைத்திருப்பதை, மேடையேறும் ஒவ்வொரு பிள்ளையும் ஏறுவதற்கு முன் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி இகழ்ச்சிதான் என்பதில் அவர் எந்த விலக்கும் தரவில்லை.

எள்ளலைக் கையாளத் தெரிந்த கலை நம் ஊரிலேயே இருக்கிறது. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடுவில் வீசுகோலோடு புலவர் அமர்ந்திருப்பார். குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் தாளக்காரரும் சுற்றிலும் இருப்பார்கள். கதை போய்க்கொண்டிருக்கும்போது குடக்காரர் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டதுபோல் ஒரு கேள்வி கேட்பார், புலவர் அவரை ஏசுவார், அவர் திருப்பிக் கொடுப்பார், ஊரே சிரிக்கும். இவ்வளவு எள்ளலும் வில்லைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குள்ளேயே நடக்கிறது. கேட்க வந்த ஊர்க்காரர் ஒருவர்மீதும் அது விழுவதில்லை. குடக்காரர் கேட்கும் கேள்வியோ, பெரும்பாலும் கேட்பவர்களில் பலருக்கு உள்ளுக்குள் இருந்த கேள்விதான். அவர்கள் சார்பில் ஏச்சை அவர் வாங்கிக்கொள்கிறார், விளக்கம் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. அறியாதவரை அவமதிக்காமல் அறியாமையைத் தீர்க்கும் இந்த முறையைவிடச் சிறந்த ஒன்றை நான் எந்த மேடையிலும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் அங்கே கவனிக்க வேண்டும். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை நெருங்கி, சுடலைமாடன் கதை உச்சத்துக்கு வந்து, சாமியாடுபவருக்கு அருள் வரும் நேரமாகிவிட்டால், நான் கேட்ட எந்தக் கொடையிலும் குடக்காரர் வாயைத் திறந்ததில்லை. கையில் குடமும் வாயில் வேடிக்கையும் இருந்த அதே மனிதர், அடியின் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவார். எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சைகை காட்டுவதில்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) நாஞ்சில் நாட்டின் இதே மரபிலிருந்து புறப்பட்டுப் போனவர். அவர் சென்னைக்கு அழைத்துப்போன, திருநெல்வேலிச் சீமையின் புதுக்குளத்துக்காரரான சுப்பு ஆறுமுகம் 2022இல் மறையும்வரை வில்லைக் கீழே வைக்கவில்லை. கோடிக்கணக்கானவர்களைச் சிரிக்க வைத்தும், ஏழையையோ உழைப்பவரையோ இகழ்ந்தார் என்ற பேச்சுக்குக் கலைவாணர் இடம் வைக்காததற்கு அந்த மரபும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பட்டிமன்றங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். மனைவி சமையலைப் பற்றியும், மாமியாரைப் பற்றியும், பருத்தவரைப் பற்றியும், கறுத்தவரைப் பற்றியும் சொல்லப்படும் துணுக்குகளால் எந்தத் தீர்ப்பும் ஒருநாளும் மாறியதில்லை. அவை பேச்சின் நேரத்தைத் தின்கின்றன. அவ்வளவுதான் அவற்றின் வேலை. கறுத்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்தத் துணுக்குகளுக்கு மேடையில் இடம் கொடுக்க எனக்கு மனம் இல்லை. நான் நடுவராக அமரும் இடங்களில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் வருத்தப்படுகிறார்கள், பிறகு அவர்களே வேறு வழிகளைக் கண்டுபிடித்து நன்றாகப் பேசுகிறார்கள்.

நம் பகுதியில் மட்டுமே தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று ஊர்ப்பெயர். வெளியூர்க்காரர்களுக்கு ஊர்ப்பெயரை வைத்துச் சொல்லும் வேடிக்கை குற்றமில்லாததாகத் தோன்றும். இங்கே "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்வி எதை அறியக் கேட்கப்படுகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆகவே ஓர் ஊர்க்காரரின் பேச்சு, உடை, சாப்பாடு ஆகியவற்றைக் கேலி செய்வது பல நேரங்களில் சாதியைச் சொல்லாமல் சாதியைக் கேலி செய்வதாக முடிகிறது. சொன்னவர் அதை எண்ணியிராவிட்டாலும் கேட்டவருக்கு அப்படித்தான் போய்ச் சேரும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும், அவருடன் பள்ளியில் படித்த மாணவர்களாலேயே சாதிக் காழ்ப்பால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை, சாதி அடையாளமாக மாணவர்கள் கையில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது முதலான பரிந்துரைகளைச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். சொல்லில் கட்டியிருக்கும் கயிற்றை ஆசிரியர்களும் பேச்சாளர்களும்தான் அவிழ்க்க வேண்டும். என்னிடம் பயிலும் பிள்ளைகள் எந்த ஊரையும் எந்தத் தெருவையும் வேடிக்கைப் பொருளாக்குவதில்லை. இதில் நான் எந்த விலக்கும் கொடுப்பதில்லை.

அப்படியானால் எதை வைத்துத்தான் சிரிக்க வைப்பது என்ற கேள்வி எழும். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடலை நடத்திய ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கறிஞர் படிப்புப் படித்தவர். அவருடைய முடிவுகளை ஏற்காத புலவர்கள் பலர் இருந்தார்கள், குறிப்பாகக் கம்பனில் எவை இடைச்செருகல் என்பதில். என்றாலும் அவர் பாட்டை அனுபவித்துச் சொல்வதைக் கேட்டவர்கள் அந்தப் பாட்டின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அங்கே பிறந்த சிரிப்பு ஒருவரை எள்ளியதால் பிறந்தது அல்ல. ஒரு நயம் பிடிபட்டதும் எழுகிற மகிழ்ச்சியால் பிறந்தது. தொல்காப்பியர் உவகையை நகையிலிருந்து வேறாக எண்ணினார். மேடையில் இரண்டும் சிரிப்பாகவே கேட்கும் என்றாலும், ஒருவரைத் தன் கருத்துக்கு அழைத்துவரும் வலிமை உவகைக்குத்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறைக்கு வருகிறேன். ஓர் ஊருக்குப் பேசப் போனால், மேடை ஏறுவதற்கு முன் விழாக்குழுவில் இருப்பவர்களிடம், "ஊர்ல துக்கம் ஏதும் உண்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டுவிடுவது என் வழக்கம். ஒரு கொடை விழாவில் அப்படிக் கேட்டபோது, "துக்கம் ஒண்ணுமில்ல டீச்சர். முன்வரிசையில இருக்க பெரியவர் வீட்டுல மருமவ கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போயிருக்கு. மாமியா மருமவ பேச்சு மட்டும் வேண்டாம்" என்றார் ஒருவர். உடன் பேச வந்தவர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் தங்கள் குறிப்பிலிருந்து சில வரிகளை அடித்தார்கள். அந்தப் பெரியவர் கடைசிவரை இருந்து கேட்டார். இதைவிட எளிய முன்னேற்பாடு வேறு இல்லை. ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும்.

மேடையில் நிற்கும்போது சிரிப்பவர்களைப் பார்த்து மகிழ்ந்துபோவது இயல்பு. நான் பிள்ளைகளுக்குப் பழக்குவது, சிரிப்பு எழும் அந்த நேரத்தில் சிரிக்காமல் இருப்பவர் யார் என்று கண்ணால் தேடுவதைத்தான். சிலர் காது மந்தம் என்பதால் சிரித்திருக்க மாட்டார்கள், சிலருக்கு வேடிக்கை புரிந்திருக்காது. ஆனால் ஒருவர் காயப்பட்டுச் சிரிக்காமல் இருந்தால் அது முகத்தில் தனியாகத் தெரியும். அந்த முகத்தைக் கண்டுவிட்டால், அதே திசையில் அடுத்த வேடிக்கை தயாராக இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும். யாரை இணங்க வைக்க வேண்டியிருக்கிறதோ அவர் பெரும்பாலும் சிரித்த கூட்டத்தில் இல்லை. ஏற்கெனவே நம் கட்சியில் இருப்பவர்களே முதலில் சிரிக்கிறார்கள். அவர்களுக்காகப் பேசிக்கொண்டே போனால் எதிர்க் கருத்து உள்ளவர் எழுந்து போவதைக்கூடக் கவனிக்க மாட்டோம். சிரிப்பு எழாமல் போனால் வேடிக்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, கடந்து போய்விட வேண்டும். எழுந்தால் அது அடங்கும்வரை பேசக் கூடாது. முக்கியமான வாக்கியம் சிரிப்பொலிக்குள் மூழ்கிப்போவதை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன்.

எதிரணி நம்மைக் கேலி செய்தால் என்ன செய்வது என்பதும் கேட்கப்படும் கேள்விதான். எதிராளியின் கனத்தைச் சிரிப்பாலும், சிரிப்பைக் கனத்தாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று கிரேக்கப் பேச்சாளர் கோர்கியாஸ் சொன்னதாக அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். அதன் பிற்பகுதியை நான் கண்முன்னே பார்த்தேன். ராதாபுரம் பக்கத்து மாணவி ஒருத்தி, வெளி மாவட்டத்தில் நடந்த போட்டியில், கிராம நூலகங்கள் எத்தனை மணி நேரம் திறந்திருக்கின்றன என்று தன் வட்டாரத்தில் விசாரித்துத் திரட்டிய கணக்கைச் சொல்லிப் பேசினாள். அடுத்து வந்த மாணவர் அவள் பேச்சில் இருந்த "சொல்லுதேன்", "வருதாவ" ஆகியவற்றைப் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். மறுமொழி நேரத்தில் அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அண்ணன் என் பேச்சைப் பேசிக் காட்டினார்; என் கணக்குக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அதனால் கணக்கை மறுபடியும் சொல்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஊராக மணிக்கணக்கைச் சொன்னாள். அரங்கம் அமைதியாகக் கேட்டது. திருப்பிக் கேலி செய்ய அவளுக்குத் தெரியாமல் இல்லை. வில்லுப்பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை அவள். அந்த இடத்தில் அது வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்காகச் சில பிள்ளைகளின் வரைவுகள் என்னிடம் இருக்கின்றன. முதியோருக்குக் கைபேசி வழியாக வங்கி மோசடி நடப்பதைத் தடுப்பது பற்றி எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியிருக்கிறான். தன் ஆச்சி ஓ.டி.பி. எண்ணை யாரோ ஒருவரிடம் சொல்லப் பார்த்த கதையை மிக நன்றாக, சிரிப்பு வரும்படி எழுதியிருக்கிறான். அதில் ஒரு வரி ஆச்சியின் அறியாமையைக் கேலி செய்கிறது. அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆச்சியை அழைத்துவந்து எதிரில் உட்கார வைத்து முழுப் பேச்சையும் பேசிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். எந்த வரி நிற்கும், எது போகும் என்பதை அவனே பார்த்து எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.